எந்த ஓடிடி வாங்கலாம்? ஒரு வீட்டுக் கணக்கு

"அண்ணே, வீட்டுக்கு எந்த ஓடிடி வாங்கலாம்?"

ஆபீஸில் வருஷத்துக்கு நாலு பேராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். இவர் எப்படியும் எக்ஸெல்லில் போட்டுப் பார்த்திருப்பார் என்ற நம்பிக்கைதான். நம்பிக்கை வீண் இல்லை, போட்டுத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அந்த எக்ஸெல்லைக் காட்டினால் கேட்டவர் முகம் சுருங்கிவிடும். அதில் "இதை வாங்கு" என்ற பதிலே கிடையாது.

இணையத்தில் கிடைக்கும் ஒப்பீட்டு அட்டவணைகளைப் பார்த்திருப்பீர்கள். விலை எவ்வளவு, எத்தனை திரை, 4கே உண்டா, விளம்பரம் உண்டா, எத்தனை மொழி. கடைசியில் ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம். வாஷிங் மெஷினுக்குப் போடும் அதே அட்டவணை. வாஷிங் மெஷின் வாங்கினால் அதன் டிரம் அடுத்த மார்ச் மாதம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடாது. ஓடிடியில் அதுதான் நடக்கிறது. நாம் வாங்குவது படங்களை இல்லை, நூலகத்தையும் இல்லை. தீவுத்திடல் பொருட்காட்சிக்கு டிக்கெட் எடுப்பது மாதிரி. உள்ளே போய்ச் சுற்றலாம், ராட்டினம் ஏறலாம், அப்பளம் சாப்பிடலாம். போன வருஷம் பார்த்த கடை இந்த வருஷமும் அதே இடத்தில் இருக்கும் என்று டிக்கெட்டில் எங்கும் எழுதியிருக்காது.

இது ஏதோ தத்துவம் என்று நினைக்க வேண்டாம். ஹாட்ஸ்டார் கதையை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2015-இல் தொடங்கிய செயலி. 2020 ஏப்ரலில் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார் ஆனது. பலர் அதை வாங்கியது இரண்டு காரணங்களுக்காக: ஐபிஎல், ஹெச்பிஓ தொடர்கள். 2023 முதல் 2027 வரைக்குமான ஐபிஎல் டிஜிட்டல் உரிமையை ஏலத்தில் வயாகாம்18 எடுத்தது. 2023 சீசன் ஜியோசினிமாவில் இலவசமாகவே ஓடியது. அதே 2023 மார்ச் 31-உடன் ஹெச்பிஓ தொடர்களும் ஹாட்ஸ்டாரை விட்டு வெளியேறின. 2022 கடைசியில் இந்த இரண்டையும் நம்பி 1499 ரூபாய் கட்டியவர் நிலையை யோசித்துப் பாருங்கள். சந்தா உயிரோடு இருக்கிறது, செயலியும் வேலை செய்கிறது. அவர் வாங்க வந்த சாமான்தான் இல்லை.

சரி, ஹெச்பிஓ போன இடத்துக்கே நாமும் போவோம் என்று அவர் 2023 மே மாதம் ஜியோசினிமா பிரீமியத்துக்கு ஆண்டுக்கு 999 கட்டியிருந்தால்? அடுத்த ஏப்ரலில் அதே செயலி மாதம் 29 ரூபாய்த் திட்டத்தைக் கொண்டுவந்தது. பன்னிரண்டு மாதத்துக்கு 348. அப்புறம் 2025 பிப்ரவரி 14 அன்று இரண்டு செயலிகளும் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார். ஐபிஎல்லும் ஹெச்பிஓவும் சுற்றிக்கொண்டு பழைய வீட்டுக்கே வந்துவிட்டன, பெயர்ப்பலகை மட்டும் வேறு. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. உரிமை என்பது குத்தகை, குத்தகை முடிந்தால் கைமாறும். ஏமாந்தது நம் கணக்குதான். மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றுக்கு ஒரு வருஷத்துக்கு முன்பணம் கட்டிய கணக்கு.

ஆண்டுச் சந்தாவைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 2023 ஏப்ரலில் பிரைம் மாதச் சந்தாவை 299 ஆக்கியது. ஆண்டுச் சந்தா 1499. ஜியோஹாட்ஸ்டார் தொடங்கியபோது அதன் பிரீமியம் திட்டமும் மாதம் 299, ஆண்டுக்கு 1499. இரண்டு கம்பெனிகள், ஒரே எண்கள். 299-ஐ ஐந்தால் பெருக்கினால் 1495. அதாவது ஆண்டுச் சந்தா என்பது ஐந்து மாத விலை. "பன்னிரண்டு மாதம் வெறும் 1499" என்று கேட்டால் மலிவாகத் தெரிகிறது. கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: வருஷத்தில் ஆறு வெவ்வேறு மாதங்களில் இந்தச் செயலியை நிஜமாகவே திறப்பேனா? ஆமாம் என்றால் ஆண்டுச் சந்தா லாபம். இல்லையென்றால் மாதச் சந்தா. நெட்ஃபிளிக்ஸில் இந்தக் குழப்பமே இல்லை, இங்கே அவர்கள் ஆண்டுச் சந்தா விற்பதில்லை.

திறப்போமா என்பதற்கு நம் ஞாபகத்தை நம்பக்கூடாது. போன வருஷம் மூன்று மாதம் டிவிக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டையும் பேனாவையும் வைத்தேன். யார், எந்தச் செயலியில், என்ன பார்த்தார்கள், அவ்வளவுதான். வீட்டில் முதல் வாரம் சிரித்தார்கள். மனைவி "வருகைப் பதிவேடு" என்று பெயரே வைத்துவிட்டாள். நோட்டு சொன்ன விஷயங்கள் எனக்கே புதிது. மனைவி ஒரு தொடரைச் சனி ஞாயிறில் முடித்துவிட்டு அந்தச் செயலியை அடுத்த மூன்று வாரம் தொடவில்லை. மகள் பார்த்த ஒரே கார்ட்டூனை ஒன்பது முறை பார்த்திருக்கிறாள். அம்மா பார்த்தது எல்லாமே பழைய படம், அதிலும் முக்கால்வாசி யூடியூபில் விளம்பரத்தோடு. என் பெயர் இருந்த வரிகள் பலவற்றில் "தேடினான், தூங்கினான்" என்று மனைவி எழுதியிருந்தாள். ஆண்டுச் சந்தா கட்டி வைத்திருந்த ஒரு செயலி மூன்று மாதத்தில் திறக்கப்பட்டது இரண்டே முறை.

அந்த நோட்டுக்குப் பிறகு வந்த விதி எளிமையானது. ஒரு சமயத்தில் ஒரு சந்தா. பார்க்க வேண்டியவற்றைச் செயலிவாரியாகப் பட்டியல் போடுவது, ஒரு செயலியின் கீழ் நான்கைந்து சேர்ந்ததும் அதை ஒரு மாதம் வாங்குவது, முடிந்ததும் நிறுத்துவது. தமிழ்ப் படம் பெரும்பாலும் நான்கு வாரத்தில் தியேட்டரிலிருந்து ஓடிடிக்கு வந்துவிடுகிறது. வந்த அன்றே பார்த்தாக வேண்டும் என்ற அவசரம் மட்டும் இல்லையென்றால் இந்த ஏற்பாடு நன்றாகவே ஓடும். அந்த அவசரத்துக்குத்தான் அவர்கள் விலை வைக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

நிறுத்துவது கஷ்டம் என்ற பயம் சிலருக்கு உண்டு. இந்த விஷயத்தில் நம் நாடு பரவாயில்லை. 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வந்தாக வேண்டும், வேண்டாம் என்று சொல்லவும் வழி இருக்க வேண்டும். யூபிஐ ஆட்டோபே என்றால் இன்னும் சுலபம், செயலிக்குள் ரத்து பொத்தானைத் தேடி அலையாமல் யூபிஐ செயலியிலேயே அனுமதியை நீக்கிவிடலாம். சந்தாவை நிறுத்துவதை வேண்டுமென்றே சிக்கலாக்குவதை 2023 நவம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் தடை செய்யப்பட்ட தந்திரங்களின் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. காகிதத்தில் இருப்பது எல்லாம் நடைமுறையில் இருக்கிறதா என்பது வேறு கதை.

என் விதி உடையும் இடங்களும் உண்டு. பிரைம் சந்தாவைப் பலர் படத்துக்காக வாங்குவதில்லை, சாமான் சீக்கிரம் வீட்டுக்கு வருவதற்காக வாங்குகிறார்கள், படம் கொசுறு. அவர்களுக்கு இந்த ஐந்து மாதக் கணக்கு பொருந்தாது. ஆனால் 2025 ஜூன் 17 முதல் அந்தக் கொசுறில் விளம்பரமும் வருகிறது. விளம்பரம் வேண்டாம் என்றால் ஆண்டுக்கு இன்னொரு 699. அதேபோல் மொபைல் ரீசார்ஜோடும் பிராட்பேண்டோடும் சேர்ந்து வரும் ஓடிடிகள். இலவசம் என்று சொல்வார்கள், வாங்கும் முன் அது மொபைலில் மட்டும் ஓடும் திட்டமா, டிவியிலும் ஓடுமா என்று பார்த்துவிடுங்கள். நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய்த் திட்டம் டிவியில் ஓடாது. 199 ரூபாய்த் திட்டம் ஓடும், ஆனால் 720பி தரம்தான், ஒரு சமயத்தில் ஒரு திரைதான். நான்கு பேர் உள்ள வீட்டில் அந்த ஒரு திரை யாருக்கு என்பதில் சண்டை வரும், அந்தச் சண்டையின் விலை அட்டவணையில் இல்லை.

தரம் என்று சொன்னதும் ஒரு இஞ்சினியர் புலம்பல். 4கே திட்டத்துக்குப் பணம் கட்டுகிறோம், டிவியும் 4கே, இணையமும் வேகம், ஆனால் படம் மட்டும் பழைய விசிடி மாதிரி மங்கலாக இருக்கும். பல சமயம் குற்றவாளி நடுவில் இருக்கும் பெட்டி. திருட்டைத் தடுக்க இந்தச் செயலிகள் படத்தைப் பூட்டி அனுப்புகின்றன. ஆண்ட்ராய்டு சாதனங்களில் அந்தப் பூட்டின் பெயர் வைட்வைன். சாதனத்தின் வன்பொருளிலேயே சாவி பாதுகாப்பாக இருந்தால் எல்1, வெறும் மென்பொருளில் இருந்தால் எல்3. எல்3 என்றால் பெரும்பாலான செயலிகள் 480பி-க்கு மேல் தராது, நீங்கள் எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு கட்டியிருந்தாலும். நான் மலிவாக வாங்கிய ஒரு பெட்டியின் அட்டையில் 4கே என்று கட்டைவிரல் பருமனுக்கு எழுதியிருந்தது. உள்ளே எல்3. மூன்று மாதம் இணைய இணைப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிளே ஸ்டோரில் டிஆர்எம் இன்ஃபோ என்ற பெயரில் கிடைக்கும் செயலிகளைப் போட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். விலை உயர்ந்த திட்டத்துக்கு மாறும் முன் இதைச் செய்யுங்கள்.

இதுவரை சொன்னது பணக் கணக்கு. இதை யார் வேண்டுமானாலும் போடலாம். எனக்கு இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றியதற்குக் காரணம் வேறு.

நோட்டு வைத்திருந்த மூன்றாவது மாதம் ஒரு ஞாயிறு மதியம். அம்மாவுக்கு 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' பார்க்க ஆசை. எஸ்.எஸ். வாசன் இயக்கிய 1958-ஆம் வருஷத்து ஜெமினி படம். பத்மினியும் வைஜெயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடும் அந்த நடனம் அம்மாவுக்குச் சின்ன வயசிலிருந்து மனப்பாடம். தேடிப் பிடித்துப் போட்டேன். டிவி முழுக்க, ஓரத்தில் கறுப்புப் பட்டை இல்லாமல், பளிச்சென்று வந்தது. எனக்குப் பெருமை. அம்மா நடனம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் சொன்னாள்: "என்னடா இது, ரெண்டு பேருக்கும் காலைக் காணோம்?"

உண்மைதான். முழு உருவம் தெரிய வேண்டிய இடத்தில் கணுக்காலுக்கு மேலேயே படம் முடிந்துவிட்டது. இதற்குக் காரணம் எளிய வகுத்தல் கணக்கு. அந்தக் காலத்துப் படங்களின் சட்டகம் கிட்டத்தட்டச் சதுரம், உயரம் மூன்று என்றால் அகலம் நான்கு. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்தைய படங்கள் பெரும்பாலும் இந்தப் பழைய சட்டகத்தில் எடுத்தவைதான். இன்றைய டிவி பதினாறுக்கு ஒன்பது. பழைய படத்தை அப்படியே போட்டால் இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டை வரும். "திரை நிறையவில்லை" என்று பார்ப்பவர் குறை சொல்வார் என்று பயந்து சிலர் படத்தை அகலமாக இழுக்கிறார்கள், எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். மற்றவர்கள் அகலத்துக்குப் பொருத்திவிட்டு மேலும் கீழும் வெட்டுகிறார்கள். வெட்டினால் உயரத்தில் சரியாகக் கால் பங்கு போகிறது. கால் பங்கு போனால் நடனத்தில் காலே போய்விடுகிறது.

வசனக் காட்சியில் இந்த வெட்டு பெரிதாகத் தெரியாது, நெற்றி கொஞ்சம் குறையும். நடனத்தில் அப்படி இல்லை. பரதத்தில் பாதி விஷயம் பாதத்தில் இருக்கிறது. இரண்டு பேர் போட்டி போட்டு ஆடும் காட்சியில் யார் எந்த ஜதிக்கு எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பதே காட்சி. அதை வெட்டிவிட்டு இடுப்புக்கு மேலே மட்டும் காட்டுவது, கச்சேரியில் மிருதங்கத்தின் மைக்கை அணைத்து வைப்பது மாதிரி. ஒளிப்பதிவாளர் தரை தெரியும்படி கேமராவைத் தள்ளி வைத்தது சும்மா இல்லை.

பிறகு வேறு பழைய படங்களையும் இந்தக் கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். சில இடங்களில் ஒழுங்காகப் பட்டையோடு இருக்கின்றன, சில இடங்களில் வெட்டு. ஒரே செயலிக்குள்ளேயே இரண்டு வகையும் உண்டு. யாரிடமிருந்து எந்தப் பிரதியை வாங்கினார்களோ அது. இதில் என் கோபம் ஒன்றுதான். ஒரு படத்தின் பக்கத்தைத் திறந்தால் 4கே, ஹெச்டி, 5.1 ஒலி என்று சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கின்றன. வயது வரம்பு இருக்கிறது, 2021 விதிகளுக்குப் பிறகு அது கட்டாயம். "இது முழுச் சட்டகமா, வெட்டியதா" என்று சொல்ல ஒரு முத்திரை கிடையாது. பாலில் எத்தனை சதவீதம் கொழுப்பு என்று பாக்கெட்டில் போடுகிறோம். கால் பங்கு படத்தை எடுத்துவிட்டதைப் போட வேண்டாமா?

ஒப்பீட்டு அட்டவணை எழுதுபவர்களும் இதைக் கவனிப்பதில்லை. "பழைய தமிழ்ப் படங்கள்: உண்டு" என்று ஒரு டிக் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். வயசானவர்கள் இருக்கும் வீட்டுக்கு அந்த டிக் போதாது. ஆகவே அப்படிப்பட்ட வீட்டுக்குச் சந்தா வாங்கும் முன் நான் செய்யும் சோதனை இது. அவர்களுக்கு மனப்பாடமான ஒரு பழைய படத்தைக் கேளுங்கள், நடனமோ சண்டையோ இருக்கும் இடத்துக்குப் போய்ப் படத்தை நிறுத்துங்கள், காலும் தலையும் இருக்கிறதா என்று பாருங்கள். யூடியூபில் இலவசமாக இருக்கும் பிரதியையும் அதே இடத்தில் நிறுத்திப் பாருங்கள். எனக்கு ஒன்றிரண்டு படங்களுக்கு, தரம் சுமாரான யூடியூப் பிரதிதான் முழுச் சட்டகமாக இருந்தது.

அம்மாவின் பிரச்சனையைத் தீர்த்தது எந்தச் சந்தாவும் இல்லை. சித்தி வீட்டுப் பரணில் பழைய டிவிடி மூட்டை ஒன்று இருந்தது. தூசி தட்டி எடுத்து வந்தோம். 2007 வாக்கில் மோசர் பேயர் கம்பெனி விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது ஞாபகம் இருக்கலாம், மளிகைக் கடையிலேயே தொங்கும். அந்த வகை டிஸ்க்குகள் நிறைய. மோசர் பேயர் 2018-இல் கலைப்புக்குப் போய்விட்டது. கம்பெனி இல்லை, டிஸ்க் ஓடுகிறது. ஓடிடியில் இது தலைகீழ்: கம்பெனி ஜோராக இருக்கிறது, படம்தான் காணாமல் போகிறது. 2024 ஜனவரியில் நயன்தாரா நடித்த 'அன்னபூரணி' நெட்ஃபிளிக்ஸில் வந்து இரண்டு வாரத்துக்குள் எதிர்ப்பு காரணமாக எடுக்கப்பட்டது. தணிக்கைச் சான்றிதழ் வாங்கித் தியேட்டரில் ஓடிய படம். அது நல்ல படமா இல்லையா என்பதை விடுங்கள். ஒரே நாளில் எல்லா வீட்டிலிருந்தும் ஒரு படத்தை எடுத்துவிட முடிகிறது, பாதி பார்த்து நிறுத்தியவர் மீதியைப் பார்க்க முடியாது. டிவிடி காலத்தில் இதற்கு வீடு வீடாக வர வேண்டியிருந்திருக்கும்.

மூட்டையில் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' இருந்தது. எந்தக் கம்பெனி என்று தெரியவில்லை, உறை கிழிந்துவிட்டது. படத்தில் கோடு கோடாகக் கீறல், ஒலி கரகர. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. நடனம் வந்தது, நான்கு பாதங்களும் தரையில் இருந்தன. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

டிவிடி பிளேயர் மட்டும் இப்போது தகராறு செய்கிறது, தட்டு சில சமயம் வெளியே வர மறுக்கிறது. ரிப்பேர் கடைக்காரர் லென்ஸ் கிடைப்பது கஷ்டம் என்கிறார், கணினிக்கு வெளியில் பொருத்தும் டிரைவ் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னார். இந்த மாதம் சந்தா எதுவும் இல்லை, மகளுக்குப் பரீட்சை. அடுத்த மாதப் பட்டியலில் ஒரு செயலியின் கீழ் மூன்று படங்கள் சேர்ந்திருக்கின்றன. இன்னும் ஒன்று சேரட்டும் என்று காத்திருக்கிறேன்.